கணக்கு டீச்சரின் பி.டி. பீரியட்

ஜூலை 1, திங்கள்

இன்று ஹெச்.எம். அறையில் நடந்ததை எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் "பிரேமகுமாரி டீச்சர்தான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினார்" என்று சொல்லிவிடக் கூடாது.

எங்கள் பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர் மாற்றலாகிப் போய் ஒரு மாதம் ஆகிறது. புது ஆள் வரும்வரை ஆளுக்கொரு வகுப்பைக் கிரவுண்டுக்கு அழைத்துப் போக வேண்டுமாம். எனக்கு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. புதன் ஆறாவது பீரியட், வெள்ளி கடைசி பீரியட்.

"நான் கணக்கு டீச்சர் மேடம்" என்றேன்.

"அந்த பீரியடை வருஷா வருஷம் நீங்கதானே கேட்டு வாங்குவீங்க? இப்ப கேட்காமலே குடுக்கறேன்" என்றார் எஸ்தர் மேடம். பக்கத்தில் நின்ற சயன்ஸ் டீச்சர் செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆனா கணக்கு நடத்தக் கூடாது டீச்சர். சர்க்குலர் வந்திருக்கு. விளையாட்டு பீரியட்ல விளையாட்டுதான்."

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சர்க்கரை இருக்கிறது. வலது முழங்கால் மடக்கினால் சத்தம் போடுகிறது. பதினாலு வருடமாகப் பத்தாம் வகுப்புக் கணக்கில் என்னிடம் ஒரு பிள்ளை ஃபெயில் ஆனதில்லை. என்னைப் போய்ப் பந்து பொறுக்கச் சொல்கிறார்கள்.

ஜூலை 3, புதன்

மொத்தம் நாற்பத்தொரு பேர். பதினோரு பேர் த்ரோபால் ஆடினார்கள். முப்பது பேர் புங்க மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பன்னிரண்டு டெஸ்ட் பேப்பர் திருத்தினேன். வீண் போகவில்லை.

ஜூலை 5, வெள்ளி

அதே பதினோரு பேர். அதே முப்பது பேர்.

பவதாரணி என்ற பெண்ணைக் கூப்பிட்டு ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் பருமனான பெண். மூன்று வருடமாக என்னிடம் படிக்கிறாள், அவள் குரலை நான் கேட்டதே குறைவு.

"வயித்து வலி டீச்சர்."

"புதன்கிழமையுமா?"

"புதன்கிழமை தலைவலி டீச்சர்."

ஒரு வகுப்பில் நாற்பத்தொன்றில் முப்பது பேர் கணக்கில் உட்கார்ந்துவிட்டால் நான் விடுவேனா? என்னவோ உறுத்துகிறது.

ஜூலை 10, புதன்

உட்கார்ந்திருந்த முப்பது பேருக்கும் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்தேன். "பேர் போட வேண்டாம். ஏன் விளையாடலைன்னு மட்டும் எழுதுங்க. திட்ட மாட்டேன்."

வீட்டில் வந்து பிரித்து அடுக்கினேன். பந்து ஒன்றுதான், நன்றாக ஆடுகிறவர்களே வைத்துக்கொள்கிறார்கள்: ஒன்பது பேர். மதில் குட்டை, ரோட்டிலிருந்து பையன்கள் பார்க்கிறார்கள்: ஆறு. டாய்லெட்டில் தண்ணீர் வராது, வியர்வையோடு பஸ் ஏற வேண்டும்: ஐந்து. நான் ஓடினால் சிரிக்கிறார்கள்: நான்கு. வெயிலில் கறுத்துப் போனால் அம்மா திட்டும்: மூன்று. டீம் பிரிக்கும்போது கடைசியில் மிச்சமாக நிற்பது நான்தான்: இரண்டு.

விளையாடப் பிடிக்கவில்லை என்று ஒருத்திகூட எழுதவில்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

முப்பதாவது சீட்டு இது: "ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் எங்கள் பி.டி. பீரியடில் நீங்கள் கணக்கு நடத்தினீர்கள் டீச்சர். எங்களுக்கு விளையாடத் தெரியாது."

பிழை இல்லாத எழுத்து. 'ழ'வின் வால் நன்றாகச் சுழித்து மேலே ஏறியிருக்கிறது. யாருடையது என்று தெரியும். பெயர் எழுத மாட்டேன். அவளைத் திட்டவும் மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் தானே உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஜூலை 11, வியாழன்

வாரம் இரண்டு பீரியட். லீவு போக வருடத்துக்கு அறுபது என்று வைத்தாலும் மூன்று வருடத்துக்கு நூற்றெண்பது. இது ஒரு வகுப்புக்கு மட்டும். நான் இந்தப் பள்ளிக்கு வந்து பதினெட்டு வருடம்.

மேலே பெருக்கவில்லை. வேறு வேலை இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

ஹெச்.எம்.மிடம் மூன்று கேட்டேன். டாய்லெட்டுக்குத் தண்ணீர், ரோட்டுப் பக்க மதிலுக்கு மேலே பச்சை வலை, இன்னும் நான்கு பந்து. எஸ்தர் மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பிரேமகுமாரி, உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

வலையும் தண்ணீரும் பெற்றோர் சங்கத்தில் பேசி ஏற்பாடு செய்வாராம். பந்து பிறகாம். அதனால் சாயங்காலம் கடைக்குப் போய்க் கயிறு வாங்கி, ஸ்கிப்பிங்குக்குத் தோதாக இருபது துண்டு வெட்டினேன். நீளம் சரியா என்று பார்க்க மொட்டை மாடியில் நானே நாலைந்து தடவை தாண்டிப் பார்த்தேன். அளவு பார்க்கத்தான்.

ஜூலை 19, வெள்ளி

வலை கட்டிவிட்டார்கள். தண்ணீர் வருகிறது. இன்று புதுச் சட்டம் சொன்னேன்.

ஒன்று, டீம் பிரிப்பதற்குக் கேப்டன்கள் கிடையாது. இரண்டு, கயிறு, வளையம், ஓட்டம், பந்து என்று எது வேண்டுமோ அவரவர் எடுத்துக்கொள்ளலாம். நடந்தாலும் சரி. உட்கார மட்டும் கூடாது. மூன்று, ஆளுக்கொரு கிராஃப் நோட்டு. இன்று எத்தனை செய்தாயோ அதைப் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். அடுத்தவள் நோட்டை யாரும் பார்க்கக் கூடாது. நானும் சத்தமாகப் படிக்க மாட்டேன். போன வாரத்து உன்னை இந்த வாரத்து நீ முந்தினால் போதும்.

பவதாரணி கயிற்றை எடுத்துக்கொண்டு லேப் சுவரோரம் போனாள். கொஞ்ச நேரத்தில் வந்து என் காதருகே சொன்னாள்.

"நாலு டீச்சர்."

"எழுது."

"நாலைப் போயா எழுதறது?"

"நாலும் ஒரு எண்தான்டி. புள்ளி வை."

வைத்தாள். தாளின் அடியில், கோட்டை ஒட்டி, ஒரு சின்னப் புள்ளி. பேனாவை அழுத்தியதில் அடுத்த பக்கத்திலும் பதிந்திருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

உட்கார்ந்தவர்கள் பதினான்கு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எட்டு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஒரே ஒருத்தி. ரிஸ்வானா. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். மரத்தடியில் கைடு புத்தகத்தைப் பிரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா?"

"எனக்குத் தெரியாது டீச்சர். தெரியாததை எல்லார் முன்னாடியும் செய்ய மாட்டேன்."

நான் அவளிடம் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் எனக்கும் அதே குணம்தான். முப்பது வருட வேலையில் விடை தெரியாத கணக்கை நான் போர்டில் போட்டதில்லை.

"எனக்கும் தெரியாது" என்றேன். "வா, அந்த ரிங்கை எடு. லேப் பின்னாடி போயிடலாம். யாரும் பார்க்க மாட்டாங்க."

ரப்பர் வளையத்தை அவள் எறிந்தாள், நான் விட்டேன். நான் எறிந்தேன், அது லேப் கூரைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. ரிஸ்வானா சிரித்தாள். மூன்று வருடத்தில் முதல்தடவை அவள் பல்லைப் பார்க்கிறேன். வாட்ச்மேன் கம்பு கொண்டுவந்து எடுத்துக் கொடுத்தார்.

பீரியட் முடியும்போது விடாமல் ஏழு தடவை பிடித்தோம். ஏழு என்று அவள் நோட்டில் புள்ளி வைத்து, கீழே 'வளையம் – ஏழு' என்று எழுதினாள். 'ழ'வின் வால் சுழித்து மேலே ஏறியது.

அவளுக்குத் துணையாகத்தான் ஆடினேன். இல்லாவிட்டால் எனக்கு என்ன வேலை?

செப்டம்பர் 7, சனி

கேன்வாஸ் ஷூ வாங்கினேன். வெள்ளை. முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால்.

"எந்த டாக்டர்?" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

செப்டம்பர் 18, புதன்

சர்க்கரை குறைந்திருக்கிறது. மாத்திரை நன்றாக வேலை செய்கிறது போலிருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

காலாண்டு மதிப்பெண் பட்டியல் போட்டாயிற்று. கணக்கில் ஒன்பது பி-யில் இரண்டு பேர் ஃபெயில். போன வருடம் ஒன்பதிலும் இரண்டு பேர்தான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ஆட்டம் போட்டும் மார்க் குறையலையே" என்றாள் செல்வராணி, ஏதோ நஷ்டப்பட்டவள் மாதிரி.

பவதாரணி இன்று கயிற்றில் அறுபத்திரண்டு.

அக்டோபர் 16, புதன்

இன்று எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மத்தியானம் மழை. ஐந்தாவது பீரியடில் விட்டது. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். மழை நின்று அரை மணி ஆகியிருந்தது. இல்லை, இருபது நிமிடம். சரியாகத்தான் எழுத வேண்டும். இருபது நிமிடம். போகலாம் என்று நான்தான் சொன்னேன்.

பவதாரணி ஓடும்போது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். இடது மணிக்கட்டு. சத்தம் எனக்கே கேட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். எலும்பில் கீறல். மாவுக்கட்டு, ஐந்து வாரம்.

அவளுடைய அம்மா பூங்கோதை ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவர். கடைச் சேலையோடு ஓடிவந்தார். வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் கேட்டார்: "கணக்குச் சொல்லிக்குடுக்கற டீச்சருக்கு எதுக்குங்க இந்த வேலை? பொம்பளப் புள்ள கையி கோணிப் போச்சுன்னா நாளைக்கு நீங்களா வந்து பாப்பீங்க?"

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்கப் போய்விட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பூங்கோதை எழுத்தில் புகார் கொடுத்துவிட்டார். அதை வாபஸ் வாங்கும்வரை ஒன்பது பி கிரவுண்டுக்குப் போகக் கூடாது என்று ஹெச்.எம். உத்தரவு. அந்த இரண்டு பீரியடும் வகுப்பிலேயே.

"கணக்கு நடத்திக்கங்க டீச்சர். நான் பாத்துக்கறேன்" என்றார் எஸ்தர் மேடம், கொஞ்சம் இரக்கமாக.

நடத்தினேன். காரணிப்படுத்துதல். ஒருத்தியும் பேசவில்லை, ஒருத்தியும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, ஒருத்தியும் தப்புப் போடவில்லை. இவ்வளவு மோசமான வகுப்பை நான் எடுத்ததே இல்லை.

அக்டோபர் 23, புதன்

காரணிப்படுத்துதல், மீதி.

நவம்பர் 6, புதன்

ஷூவைப் பரணில் போட்டேன். முழங்கால் மறுபடியும் சத்தம் போடுகிறது. மாத்திரையை மாற்ற வேண்டும்.

நவம்பர் 8, வெள்ளி

கிராஃப் பாடம். நேர்கோட்டுச் சமன்பாடு. "பழைய கிராஃப் நோட்டை எடுங்க, அதிலேயே மிச்சப் பக்கத்துல போடலாம்" என்றேன். நோட்டுகளைச் சேர்த்து மேசைமேல் வைத்தார்கள். முதல் நோட்டைப் பிரித்தேன்.

அக்டோபர் 16-க்கு அப்புறமும் புள்ளி இருந்தது. 17, 18, 19. தினமும். தீபாவளியன்றுகூட.

இரண்டாவது நோட்டு. மூன்றாவது. ஒன்று விடாமல் பார்த்தேன். நாற்பது நோட்டில் கோடு அறுபடவில்லை. சிலரது கோடு ஏறியிருந்தது, சிலரது கோடு இறங்கி, மறுபடி ஏறியிருந்தது. ஓரத்தில் குறிப்பு வேறு. 'சந்தில் ஸ்கிப்பிங்.' 'பஸ் ஸ்டாப் வரை ஓட்டம், தம்பியை ஜெயிச்சேன்.' 'வளையம் – நாற்பத்தாறு, வாப்பாவுடன்.'

"யார் செய்யச் சொன்னது?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒருத்தி எழுந்தாள். "யாரும் சொல்லலை டீச்சர். விட்டா கோடு நின்னுடும்ல."

போர்டுப் பக்கம் திரும்பி நின்றேன். அச்சுக்கோடு வரைய நேரமாயிற்று.

ஒரு நோட்டு குறைகிறது. பவதாரணியுடையது. அவள் இன்னும் பள்ளிக்கு வரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காலை ஆறரை மணி பஸ்ஸில் பவதாரணி வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ் ஏரிக்கரை திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டோரம் இரண்டு பேர் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் துணிகட்டித் தொங்கவிட்டபடி. இன்னொருத்தி சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, மூச்சு வாங்க, பின்னால்.

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக் காத்திருந்தேன். பூங்கோதை என்னைப் பார்த்ததும் நின்றார். ரொம்ப நேரம் அவருக்கு மூச்சு அடங்கவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா. ஈரத்துல விட்டது என் தப்பு" என்றேன். இதைச் சொல்லத்தான் போனேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அவர் மகளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா கடைக்கு அனுப்பினாக்கூடப் போவாது டீச்சர். யாராச்சும் பாப்பாங்க, சிரிப்பாங்கன்னு ரூமுக்குள்ளயே கெடக்கும். கை ஒடிஞ்ச மூணாம் நாளு, நடக்கப் போறேன், வர்றியான்னு என்னைக் கேக்குது. கயிறு சுத்த முடியாதாம், அதனால நடந்து எழுதணுமாம். தனியா எப்படி விடறது? நானும் வந்தேன். இப்ப நான் வரலைன்னாலும் இது விடமாட்டேங்குது."

பவதாரணி இடையில் புகுந்தாள். "இன்னைக்கு மூணு கிலோமீட்டர் டீச்சர். அம்மாதான் ஸ்லோ."

"ஏய்!" என்றார் பூங்கோதை. பிறகு என்னிடம், "அந்தப் புகாரைத் திருப்பி வாங்க எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

மூன்று பேரும் அவர்கள் வீடுவரை நடந்தோம். நான் செருப்போடு வந்தது தப்பு.

நவம்பர் 13, புதன்

கிரவுண்டு. தரை காய்ந்திருக்கிறதா என்று நானே நான்கு மூலையும் மிதித்துப் பார்த்தபிறகு.

உட்கார்ந்தவர்கள்: யாரும் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

விளையாட்டு விழா 24-ஆம் தேதி. வழக்கப்படி வகுப்புக்கு ஐந்தாறு பேர் ஓடுவார்கள், மற்றவர்கள் வெயிலில் உட்கார்ந்து கை தட்டுவார்கள். ஒன்பது பி முழுவதும் ஓடும் என்றேன். கிரவுண்டைச் சுற்றி ஐந்து சுற்று, ஒரு கிலோமீட்டர். நாற்பத்தொரு பேரும்.

"யாருக்குப் பரிசு?" என்றார் ஹெச்.எம்.

"பரிசு வேண்டாம் மேடம். நேரம் குறிக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும்."

எஸ்தர் மேடம் யோசித்துப் பத்து நிமிடம் கொடுத்தார்.

ஜனவரி 24, வெள்ளி

சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். நெடுநேரம் பேசுகிறவர் என்று கேள்வி.

மூன்றரைக்கு விசில் ஊதினேன். நாற்பத்தொரு பேரும் கிளம்பினார்கள். முன்னால் போனவர்கள் ஆறு நிமிடத்துக்குள் முடித்தார்கள். ரிஸ்வானா ஏழு நிமிடம் பத்து விநாடி. வந்த வேகத்தில் என் கையைப் பிடித்து ஸ்டாப்வாட்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முப்பது செகண்ட் குறைஞ்சிருக்கு டீச்சர்!" என்று கத்தினாள். தெரியாததை எல்லார் முன்னாலும் செய்யாத பெண்.

ஏழரை நிமிடத்தில் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். பவதாரணிக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி.

ஓட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து விருந்தினர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே..." கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. கிரவுண்டின் அந்தக் கோடியில் பவதாரணி தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். அவள் மேடையைப் பார்த்ததை நான் பார்த்தேன். கால் தயங்கியதையும் பார்த்தேன்.

எப்படி மேடை ஏறினேன் என்று ஞாபகம் இல்லை. மூன்று படி. மைக்குக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்:

"சார், உட்காருங்க. இன்னும் ஒருத்தி வரணும்."

மைக்கில் கேட்டுவிட்டது. மொத்தப் பள்ளிக்கும் கேட்டது. எஸ்தர் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். விருந்தினர் என்னைப் பார்த்தார், கிரவுண்டைப் பார்த்தார், உட்கார்ந்தார். நல்ல மனிதர்.

எழுநூறு பேர் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் யாரையும் பார்க்கவில்லை. கடைசிச் சுற்றில் நடக்கவும் இல்லை. முகம் செவசெவ என்று சிவந்து, பின்னல் அவிழ்ந்து, தன்பாட்டுக்கு ஓடிவந்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கோட்டைத் தாண்டியதும் பூங்கோதை தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். பவதாரணி அதை ஒதுக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

"டைம் டீச்சர்?"

"ஒன்பது நிமிஷம் இருபது."

நோட்டை வாங்கித் தரையில் மண்டியிட்டுப் புள்ளி வைத்தாள். அதற்கப்புறம்தான் தண்ணீர் குடித்தாள்.

எனக்கு எவ்வளவோ ரிசல்ட் வந்திருக்கிறது. மாவட்டத்தில் பெயர் வந்திருக்கிறது, சால்வை போர்த்தியிருக்கிறார்கள். இன்றைக்கு இருந்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

ஜனவரி 31, வெள்ளி

புது பி.டி. டீச்சர் திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள். பெயர் யாழினி. இருபத்தாறு வயது, முதல் வேலை. என் பொறுப்பு முடிந்தது.

இன்று மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் செல்வராணி அவளிடம், "கண்ணு, ஒன்பது பி-யோட கடைசி பீரியடை எனக்குக் குடுத்துடு. எனக்குப் பாடம் பாக்கி இருக்கு" என்றாள். யாழினி தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். வந்து ஐந்து நாள்தான் ஆன பெண், பாவம், வேறு என்ன செய்வாள்?

பேனாவை மூடி வைத்தேன். "குடுக்க முடியாது செல்வராணி."

"நீங்களா டீச்சர் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன். பதினெட்டு வருஷம் எடுத்தவ சொல்றேன். அது நம்ம பீரியட் இல்ல. அதுங்களோடது."

செல்வராணி நோட்டைப் புரட்ட ஆரம்பித்தாள். பெல் அடித்ததும், "போம்மா, காத்துக்கிட்டிருப்பாங்க" என்றேன் யாழினியிடம். படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனாள்.

நான் பத்தாம் வகுப்புக்குப் போனேன். திரிகோணமிதி. கிரவுண்டிலிருந்து சத்தம் வந்தது. முன் பெஞ்சுப் பெண்கள் இரண்டு பேர் ஜன்னலைப் பார்த்துவிட்டு அவசரமாக நோட்டுக்குத் திரும்பினார்கள்.

"உங்களுக்கு பி.டி. எப்போ?" என்று கேட்டேன்.

ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். "திங்கக்கிழமை மூணாவது பீரியட் டீச்சர். அதுல நீங்க ரிவிஷன் வெச்சிருக்கீங்க."

எனக்குத் தெரியாமல் இல்லை. ஜூன் மாதத்திலிருந்தே வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு எந்த சர்க்குலரையும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. பரீட்சைக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, இரண்டு பாடம் ரிவிஷன் பாக்கி.

"திங்கட்கிழமை ரிவிஷன் இல்லை. கிரவுண்டுக்குப் போங்க."

ஒரு நிமிடம் யாரும் நம்பவில்லை. பிறகு எழும்பிய சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சரே எட்டிப் பார்த்தாள். அதட்டவில்லை. அடங்கும்வரை சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன்.